தங்கையின் தலைப்பிரசவத்துக்கு அக்காள் எப்படித் துணை நிற்பது?

பினாங்கில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி கேட்ட கேள்விகளுக்கு இது பதில். அவருடைய தங்கை கோலாலம்பூரில், செந்தூலில், கணவரோடும் மாமியாரோடும் இருக்கிறார். தலைப்பிரசவம், இப்போது 29 வாரம். தாயார் காலமாகிவிட்டதால் அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் அக்காள்தான். காசு கொடுத்து ஒரு ‘டூலா’வை (பிரசவத்தில் கூடவே இருக்கும் துணைப்பெண்ணை) அமர்த்த வேண்டுமா, பிரசவத்தின்போது தாம் என்ன செய்வது, மாமியார் சொல்லும் பத்தியத்தில் எதை ஏற்பது எதை விடுவது, கையில் இருக்கும் 14 நாள் விடுப்பை எப்போது எடுப்பது என்று நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். நான் கோலாலம்பூரில் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள். கேள்விகள் நான்கானாலும் அவற்றுக்கு அடியில் இருப்பது ஒன்றே என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பேறுகாலத்தில் வீடு வீடாகச் சென்று பார்க்கும் வேலையில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். கதவு திறந்ததும் கூடத்தில் ஐந்தாறு பேர் குழந்தையைச் சுற்றி நிற்பார்கள். நான் பையைக் கீழே வைப்பதற்குள் குழந்தையை என் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டில், எட்டாம் நாள், குழந்தையைப் பார்த்து முடித்துவிட்டு அறைக்குள் போனேன். பெற்றவள் கட்டிலின் ஓரத்தில், ஈரத் தலையோடு, முன்பக்கம் பாலில் நனைந்த சட்டையோடு, இடது காலை மட்டும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். “கால் கொஞ்சம் பிடிச்சிருக்கு மிஸ்ஸி, எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்னு அத்தை சொன்னாங்க” என்றாள். கெண்டைக்காலைச் சுற்றி அளவுநாடாவை வைத்துப் பார்த்தேன்; வலது காலைவிட 3 சென்டிமீட்டர் பெருத்திருந்தது, தொட்டால் சூடாக இருந்தது. உள்நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தது. அன்று மதியமே மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஊசி மருந்தில் தேறி வந்தாள். அந்தக் காலை எண்ணெய் போட்டு அழுத்தி நீவியிருந்தால், உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். அந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள், பாசமானவர்கள். ஆனால் எல்லோருடைய கண்ணும் குழந்தைமேல் இருந்தது. அவள் இரண்டு நாளாக நொண்டி நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆகவே நீங்கள் கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் தாமாகவே வருவார்கள். நீங்கள் தங்கையைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருங்கள். இனி நான் எழுதப்போவது முழுவதும் அதைத்தான் விரிக்கிறது.

இப்போதிலிருந்தே தொடங்குவோம். தங்கை கிளினிக்கில் பதிந்துகொண்டபோது ஓர் இளஞ்சிவப்புப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். ‘பிங்க் புக்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பெரும்பாலான குடும்பங்களில் அந்தப் புத்தகம் கைப்பையில் கிடக்குமே தவிர, அதை யாரும் திறந்து படிப்பதில்லை. அடுத்த முறை கோலாலம்பூர் வரும்போது தங்கையோடு உட்கார்ந்து அதைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டு வெள்ளையா, பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று கவனியுங்கள். வெள்ளை என்றால் ஆபத்து குறைவு. பச்சை என்றால் கிளினிக்கிலேயே டாக்டரின் கண்காணிப்போடு பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் என்றால் நிபுணரிடம் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இந்த நிறம் மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது என்பதைப் பலர் அறிவதில்லை. முதல் மாதத்தில் வெள்ளையாக இருந்தது என்ற தெம்பிலேயே எட்டாம் மாதம் வரை இருந்துவிடுவார்கள்.

புத்தகத்தில் இரண்டு எண்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு. அது 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. நம் பெண்களுக்கு இது மிகவும் சாதாரணமாக இருப்பதாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பிரசவத்தில் ஓரளவு இரத்தம் போவது இயல்பு, இரத்தசோகை உள்ளவளுக்கு அந்த இழப்பைத் தாங்கும் இருப்பு கிடையாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதைச் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் சத்து உடம்பில் சேராது. மாத்திரையை எலுமிச்சைச் சாறு அல்லது ஆரஞ்சுச் சாற்றோடு எடுத்துக்கொண்டு, தேநீரையும் பாலையும் ஓரிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், சற்று இறுகும்; அதற்குப் பயந்து பாதிப் பெண்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு, கிளினிக்கில் “சாப்பிடுகிறேன்” என்று சொல்லிவிடுவார்கள். தங்கை உங்களிடமாவது உண்மையைச் சொல்லட்டும்.

மற்றொன்று சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் பரிசோதனை 24 வாரத்துக்கும் 28 வாரத்துக்கும் இடையில் நடந்திருக்க வேண்டும். லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், வெறும் வயிற்றில் 5.1-ஐயோ இரண்டு மணி நேரத்துக்குப் பின் 7.8-ஐயோ எட்டினால் கர்ப்பகால நீரிழிவு என்பது இந்நாட்டு வழிகாட்டுதல். நம் இனத்தில் இது அதிகம். இந்த முடிவு வந்த மறுகணம் வீட்டில் எல்லோரும் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். இனிப்புத் தின்றதால் வந்தது என்பார்கள், சோற்றை அடியோடு நிறுத்துவார்கள். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுப்பதால் வருவது அது. அவள் செய்த தவறன்று. சோற்றைப் பாதியாக்கி, காய்கறியையும் மீன் முட்டையையும் கூட்டி, கெட்டிப்பால் ஊற்றிய தேத்தாரேக்கை விட்டு, சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் நடந்தாலே பலருக்குக் கட்டுக்குள் வந்துவிடும். நீங்களும் அவளோடு தொலைபேசியில் பேசியபடி அங்கே பினாங்கில் நடக்கலாம்.

28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவை எண்ணும் அட்டவணை ஒன்றைத் தருவார்கள். காலையில் எண்ணத் தொடங்கினால் 12 மணி நேரத்துக்குள் 10 அசைவுகள் வந்துவிட வேண்டும். வராவிட்டால், அல்லது வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டதாக அவளுக்கே தோன்றினால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளைக் காலை கிளினிக்குக்குப் போகலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. “பிள்ளை தூங்குது” என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதைக் கேட்டுத் தாமதித்து, பின்பு காலமெல்லாம் வருந்திய தாய்மார்களை நான் அறிவேன். அதேபோல விடாத தலைவலி, கண் மங்குதல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளங்களாக இருக்கலாம். நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்துப் படுக்கவைக்கிற தலைவலி அன்று அது. வீட்டில் அழுத்தமானி இருந்தால் 140-க்கு 90 என்ற எண்ணை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எட்டினால் அன்றே காட்ட வேண்டும்.

இனி டூலா பற்றி. கிரேக்க மொழியில் பணிப்பெண் என்று பொருள்படும் சொல் அது. இன்று, பிரசவத்தில் தாயின் கூடவே இருந்து உடலுக்கும் மனத்துக்கும் ஆறுதல் தருகிற, மருத்துவம் பார்க்காத துணைப்பெண்ணைக் குறிக்கிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மருத்துவச்சி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலைமாட்டில் உட்கார்ந்து வியர்வை துடைத்த பெரியம்மாவோ பக்கத்து லயத்துப் பெண்ணோ செய்தது அதைத்தான். பிரசவம் மருத்துவமனைக்குப் போனபோது மருத்துவச்சியின் இடத்துக்கு இன்னும் திறமையானவர்கள் வந்தார்கள். தலைமாட்டில் இருந்தவளின் இடம்தான் காலியாகிவிட்டது.

அந்தக் காலியிடம் எவ்வளவு பெரியது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குவாத்தமாலாவில் ஒரு மருத்துவமனையில், தனியாகப் பிரசவ வலியில் இருந்த பெண்கள் சிலருக்கு, முன்பின் அறியாத, மருத்துவப் பயிற்சியும் இல்லாத ஒரு பெண்ணைத் துணையாக அனுப்பிப் பார்த்தார்கள். 1980-ல் வெளியான அந்த ஆய்வில், துணை இருந்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைந்ததோடு, பெற்ற பிறகு அவர்கள் தங்கள் குழந்தையை அதிகமாகத் தடவிக்கொடுத்ததும் பேசியதும் சிரித்ததும் பதிவாகியிருக்கின்றன. 2017-ல் 17 நாடுகளைச் சேர்ந்த 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும், தொடர்ந்து துணை இருந்தவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடியது, அறுவைச் சிகிச்சை குறைந்தது, வலி நேரமும் சற்றுச் சுருங்கியது என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் ஒருவர் பிரசவத்தில் துணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எனவே துணை கட்டாயம் வேண்டும். அது கூலிக்கு வருபவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பணம் இருந்து, தங்கைக்கும் பிடித்து, வருபவர் தம் எல்லையை அறிந்தவராக இருந்தால் அமர்த்திக்கொள்ளலாம். எல்லை என்று நான் சொல்வது இதைத்தான்: டூலா மருத்துவச்சி அல்ல. மலேசியாவில் பிரசவம் பார்ப்பது சட்டப்படி பதிவு பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. “டாக்டர் சொல்லும் ஊசி வேண்டாம், மருத்துவமனைக்கு இப்போது போக வேண்டாம், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவரை விட்டுவிடுங்கள். குழந்தை பிறந்த பின் இரத்தம் நிற்காமல் போகத் தொடங்கினால், அங்கே அன்புக்கு வேலை இல்லை; ஊசியும் இரத்தமும் அறுவைக்கூடமும்தான் உயிரைக் காக்கும்.

பிரசவ அறைக்குள் நீங்கள் போக முடியுமா என்பதை இப்போதே விசாரியுங்கள். பல அரசு மருத்துவமனைகளில் கணவரை மட்டுமே அனுமதிப்பார்கள். சில இடங்களில் அவரும் முன்கூட்டியே பிரசவ வகுப்புக்கு வந்திருக்க வேண்டும் என்பார்கள். உங்களை விடவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். உங்கள் வேலை அப்போது வேறாகிறது: தங்கையின் கணவரைப் பழக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அறைக்குள் போய்ச் சுவரோரமாக நின்று, அவள் கத்தும்போது தானும் நடுங்கி, முடிவில் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்கி அவருக்குச் செய்து காட்டுங்கள்.

வலி வரும்போது அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தோ கட்டிலைப் பிடித்துக் குனிந்தோ இருக்க, முதுகின் அடியில், இடுப்பெலும்புகள் கூடும் அந்தத் தட்டையான இடத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, தன் உடல் எடையைச் சாய்த்து அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது, அழுத்தி, வலி இறங்கும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அவள்தான் சொல்வாள், பெரும்பாலும் “இன்னும்” என்பாள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதில் அவள் கவனம் இருக்கட்டும். சூடான கஞ்சியை ஊதுவதுபோல மெதுவாக, நீளமாக விடச் சொல்லி, அவரும் கூடவே ஊத வேண்டும். வலிக்கும் வலிக்கும் இடையில் ஒரு வாய்த் தண்ணீர், நெற்றிக்கு ஈரத்துணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்டல். நடக்கவும் உட்காரவும் விடுகிற நேரம்வரை மல்லாந்து படுக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் பேசாதபோது அவரும் பேசக் கூடாது. “முடியாது, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்று அவள் அழுகிற ஒரு கட்டம் வரும். பெரும்பாலும் குழந்தை வெளிவருவதற்குச் சற்று முன்னால்தான் அது வரும். அவர் அதைத் தோல்வி என்று நினைத்துப் பதறாமல், அவள் பெயரைச் சொல்லி, கண்ணைப் பார்த்து, “இந்த ஒரு வலியை மட்டும் பார்ப்போம்” என்று சொன்னால் போதும்.

வலி குறைக்க மருந்து கேட்பதோ வேண்டாம் என்பதோ அவளுடைய முடிவு. முகமூடியில் இழுக்கும் வாயு, பெத்திடின் ஊசி, முதுகில் போடும் எபிடூரல் என வழிகள் இருக்கின்றன. அவற்றை முன்பே கேட்டு அறிந்து வைத்துக்கொள்ளட்டும். எபிடூரல் கேட்டவளைக் கோழை என்றும், அறுத்து எடுத்தவளை ‘சும்மா பெற்றவள்’ என்றும் பேசுகிற வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தப் பேச்சு தங்கையின் காதுக்குப் போகாமல் தடுப்பதும் துணையாக நிற்பவரின் வேலைதான்.

மருத்துவமனைக்கு எப்போது புறப்படுவது என்பதில் முதல் பிரசவக்காரர்கள் இரண்டு பக்கமும் தவறுவார்கள். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடித்து, அப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படலாம். அதற்கு முன் வீட்டிலேயே சாப்பிட்டு, குளித்து, நடந்து, முடிந்தால் தூங்குவது நல்லது. தொடக்க வலி தலைப்பிரசவத்தில் பல மணி நேரம் இழுக்கும். ஆனால் பனிக்குடம் உடைந்தால், இரத்தம் போனால், அசைவு குறைந்தால் வலியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே புறப்படுங்கள். உடைந்த நீர் பச்சை நிறமாக இருந்தால் போய்ச் சேர்ந்ததும் அதை முதலில் சொல்லுங்கள். குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்பது அதன் பொருள். செந்தூலிலிருந்து துங்கு அசிசா மருத்துவமனை தூரமில்லை. ஆனாலும் மாலை ஆறு மணிக்கு மழையில் ஜாலான் ஈப்போ எப்படி நிற்கும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எந்த மருத்துவமனையாக இருந்தாலும் கணவர் ஒருமுறை அந்த நேரத்தில் காரை ஓட்டிப் பார்த்துவிடட்டும்.

குழந்தை பிறந்ததும் துடைத்து நேரே தாயின் வெறும் மார்பில் போட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கவைப்பது நல்லது. முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் சில துளிகள்தான் இருக்கும். பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அந்தத் துளிகள் போதும். “பால் வரலை” என்று யாராவது சொல்லி, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்க வருவார்கள். சேனை தொடுவது பெரியவர்களுக்கு மரியாதைக்குரிய சடங்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் உயிராபத்தான நச்சு நோயைத் தரக்கூடும். பெரியவர் விரலை உதட்டருகே கொண்டுபோய் ஆசி சொல்லட்டும். விரலில் எதுவும் இருக்க வேண்டாம்.

பத்தியத்துக்கு வருவோம். மாமியார் சொல்வதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, நல்லெண்ணெய், மீன், முட்டை ஆகியவை இரத்தமும் வலுவும் இழந்த உடம்புக்கு நல்ல சாப்பாடு. 30 நாள் அடுப்படிப் பக்கம் போகாமல் இருப்பதும், வேறொருவர் வெந்நீர் வைத்துக் கொடுப்பதும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உபசாரங்கள். எனக்குக் கவலை தருவது பத்தியத்தின் பெயரால் மறுக்கப்படுபவைதான். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருக்கும் என்று நாளுக்கு இரண்டு டம்ளர் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. பால் கொடுப்பவளுக்கு அது கொடுமை, மலச்சிக்கலில் தையல் பிரியும் அளவுக்குத் துன்பப்படுவாள். பழமும் காயும் குளிர்ச்சி என்று நிறுத்துவதும் அப்படித்தான். அசையாமல் படுத்தே இருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும், முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்க வேண்டும். மலாய்க்காரர்களிடமிருந்து நாமும் எடுத்துக்கொண்ட வயிற்றுக் கட்டு மூச்சு முட்டும் அளவுக்கு இறுகக் கூடாது. அறுவைக் காயத்தின்மேல் சூடான கல்லை வைக்கவே கூடாது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவளுக்குக் கருப்பட்டி லேகியமும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவளுக்கு என்னென்ன சேர்ந்தது என்று தெரியாத பிரசவ மருந்தும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். உடம்பு சூடேற வேண்டும் என்று சில வீடுகளில் கொடுக்கும் பிராந்தி பாலில் கலந்து குழந்தைக்குப் போகும்.

இதையெல்லாம் நீங்கள் நேராகச் சொன்னால் சண்டையில் முடியும். அந்த அம்மாளுக்குச் சமையல் பொறுப்பு முழுவதையும் மரியாதையோடு கொடுத்துவிடுங்கள். வேண்டாதவற்றை வீட்டுக்கு வரும் மிஸ்ஸியிடம் தனியாகச் சொல்லி, அவர் வாயால் சொல்லவையுங்கள். மருமகளின் அக்காள் சொன்னது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும். அதையே சீருடையில் இருப்பவர் சொன்னால் ஆலோசனையாகக் கேட்டுக்கொள்வார்கள். நான் பல அக்காள்களுக்காக அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

குழந்தையைப் பற்றி, அவசியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். ஐந்தாறு நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீரில் நனைய வேண்டும், கறுத்த மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். இவை நடந்தால் பால் போதவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கவையுங்கள். உடம்பு சூடு 38 டிகிரியைத் தொட்டாலோ, குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. வசம்பை உரைத்து வாயில் ஊற்றுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும், மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவதும் வேண்டாம். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வையுங்கள், கண்ணுக்கு மை தீட்டாதீர்கள்.

மஞ்சள் காமாலைபற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் இலேசாக மஞ்சள் தட்டும். நம் குழந்தைகளின் தோல் நிறத்தில் அது எளிதில் தெரியாது. சன்னலோர வெளிச்சத்தில் வைத்து, கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சளானாலும், மஞ்சள் தொடைக்கும் காலுக்கும் இறங்கினாலும் அன்றே காட்ட வேண்டும். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று காத்திருப்பது தவறு. அளவு மிகுந்தால் அது மூளையைத் தாக்கும், அதற்கு மருத்துவமனையின் நீல விளக்கு வேண்டும்.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ‘ஜி6பிடி’ என்ற நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். இருந்தால் குழந்தையின் இரத்த அணுக்கள் சில பொருள்கள் பட்டாலே உடைந்து, மஞ்சள் கடுமையாகும். அந்தப் பொருள்களில் ஒன்று பாச்சை உருண்டை. ஏணை கட்டுவதற்கு அலமாரியின் அடியிலிருந்து பாட்டியின் பழைய நூல்சேலையை எடுப்போம் அல்லவா, அதன் மடிப்பில்தான் அந்த உருண்டை இருக்கும். சேலையிலும் குழந்தைத் துணிகளிலும் அந்த வாசனை இருந்தால் பயன்படுத்தவே வேண்டாம். உருண்டைகளை இப்போதே வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுங்கள். பச்சிளம் கையில் மருதாணி வைப்பதும் இந்தக் குழந்தைகளுக்கு அதே கேட்டைச் செய்யும். பரிசோதனை முடிவு என்ன என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அது ஒரு தாளில் எழுதப்பட்டதோடு நின்றுவிடலாம்.

மீண்டும் தங்கையிடம் வருகிறேன். மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும்போது காரணமில்லாமல் அழுவாள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, எதிலும் பற்றின்மை, “நான் நல்ல அம்மா இல்லை” என்ற பேச்சு தொடர்ந்தால் அது நோய். திமிரோ சோம்பலோ பேய்க்கோளாறோ அல்ல. எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, அதை நிரப்பித்தரும்படி கிளினிக்கில் கேட்கலாம். சாக வேண்டும் என்றோ குழந்தைக்குத் தீங்கு வரும் என்றோ அவள் சொன்னால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், தேவையானால் 999-ஐ அழையுங்கள். உடல் பக்கம் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் இரத்தப்போக்கு, நாற்றமடிக்கும் கசிவு, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத் திணறல், பெற்ற பிறகும் வரும் கடும் தலைவலி ஆகியவை இரவு மூன்று மணியானாலும் காத்திருக்கக் கூடாதவை. தினமும் ஒருமுறை, குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், “நீ எப்படி இருக்கிறாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எங்கே வலிக்கிறது” என்று மட்டும் கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.

கடைசியாக உங்கள் 14 நாள். பிரசவ நாளைக் கணக்கிட்டு முன்பே வந்து காத்திருக்காதீர்கள்; குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சில, பாதி விடுப்பு காத்திருப்பிலேயே கரைந்துவிடும். வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி 2023 ஜனவரி முதல் தங்கைக்கு வேலை இருந்தால் 98 நாள் பேறுகால விடுப்பும், தனியார் துறையில் வேலை செய்யும் கணவருக்கு 7 நாள் விடுப்பும் உண்டு. கணவர் அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத்துக்கு 30 நாளாவது முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். 29 வாரம் ஆகிவிட்டதால் அந்தக் கடிதத்தை இந்த வாரமே கொடுக்கச் சொல்லுங்கள். முதல் ஏழு நாளை அவர் பார்த்துக்கொள்ளட்டும். பார்க்க வருபவர்களும் அந்த வாரம்தான் வருவார்கள். அவர் வேலைக்குத் திரும்புகிற எட்டாம் நாள் காலையில் நீங்கள் வந்து சேருங்கள். கூட்டம் கலைந்து, இரவு விழிப்பு உடம்பில் ஏறி, பால் கட்டி, தையல் இழுத்து, அவள் தனியாக உட்கார்ந்திருக்கும் வாரம் அது. பத்து நாளை அப்போது செலவழியுங்கள். மீதி நான்கு நாளைப் பிடித்து வைத்திருங்கள்: இரண்டு நாள் 30-ஆம் நாள் பரிசோதனைக்கு அவளோடு கிளினிக் போக, இரண்டு நாள் எதிர்பாராமல் அவள் அழைக்கும் நேரத்துக்கு. பத்து நாளில் ஒரு நாளைப் பதிவிலாகாவுக்கு ஒதுக்கி, கணவரையும் கூட்டிக்கொண்டு பிறப்புப் பதிவை முடித்துவிடுங்கள். தீபகற்ப மலேசியாவில் அதற்கு 60 நாள் அவகாசம் இருக்கிறது என்றாலும், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, அடையாள ஆவணம் இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நின்ற நம் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். புறப்படுவதற்கு முன் பெற்றோரின் அடையாள அட்டைகளும், திருமணப் பதிவுச் சான்றிதழும், மருத்துவமனை கொடுத்த பிறப்பு உறுதித் தாளும் அந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தோடு ஒரே உறையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.